பெருவிரலில் கிறீஸ்

உங்களுக்கு வெட்கமில்லையா? அடுத்த வளவு மாமியின் ஆண்டுத்திவசத்துக்கு வந்து, வடை பாயசத்தோடு வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, வெற்றிலையும் வாயில் போட்டபடி, அந்த ரேடியோ எப்படி எரிந்தது என்று என்னிடம் விசாரணை வைக்கிறீர்கள். முழங்காலுக்கு எண்ணெய் பூசுகிற ஆட்களுக்கு அடுத்த வீட்டு ரேடியோவில் என்ன வேலை? பதினேழிலும் பதினெட்டிலும் பிடித்துக் கட்டிக்கொடுத்தபடியால் நாற்பத்தைந்திலேயே பேரப்பிள்ளை கண்டுவிட்டோம். அதற்காக நூறு வயதுக் கிழவிகள் மாதிரி ஊர்க்கதை கிண்ட வேண்டுமா? அன்றைக்கு எங்கள் முற்றத்தில் மூக்கு வடிய நின்று நியூஸ் கேட்டவர்கள்தானே நீங்கள். இவ்வளவு காலம் கேட்காமல் இருந்தீர்களே, இன்னும் கொஞ்சக் காலம் பொறுத்தால் என்ன குறைந்துவிடும்?

சரி, சொல்கிறேன். மாமி இருக்கும்வரை வாய் திறப்பதில்லை என்று இருந்தேன். அவர் போய் வருடம் ஒன்றாகிவிட்டது. ஆனால் ஒன்று, நடுவில் யாராவது குறுக்கே கதைத்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவேன்.

உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்தக் காலத்தில் கொழும்பில் ஒரு பெரியவருக்குக் குண்டு வைத்தால் நெடுங்கேணியில் எங்களுக்கு ஒரு சாமான் இல்லாமல் போகும். ஒரு தலைவருக்கு வைத்தார்கள், பற்றறி போனது. இன்னொருவருக்கு வைத்தார்கள், சவுக்காரம் போனது. இன்னும் ஒருவருக்குக் குறி தவறியது, எங்கள் வயலுக்கு யூரியா தவறியது. அவர்களின் பெயர்கள் ஒன்றும் எனக்கு மனதில் நிற்கவில்லை. சவுக்காரத்துக்குரியவர், யூரியாவுக்குரியவர் என்றுதான் எங்கள் வீட்டில் கதை. அம்மா சாம்பலால் உடுப்புத் தோய்க்கும்போதெல்லாம் சவுக்காரத்துக்குரியவரை உரத்த குரலில் திட்டுவார். அவருக்குக் குண்டு வைத்த ஆட்களையும் திட்டுவார், ஆனால் மெல்லிய குரலில். கொழும்புக்காரர் தூரத்தில் இருந்தார்கள். இவர்கள் பக்கத்தில் இருந்தார்கள்.

சாமான் போவதுகூடப் பரவாயில்லை. பாதை பூட்டுப்படுவதுதான் பெரிய விசயம். வவுனியாவுக்குப் போவதற்கு இங்கால் இயக்கத்து ஆட்களிடம் ஒரு பாஸ், அங்கால் ஆமியிடம் ஒரு பாஸ். இங்கால் பாஸ் வேண்டுமென்றால் வீட்டில் ஒருவர் பிணையாக இங்கேயே நிற்க வேண்டும். போனவர் திரும்பி வராவிட்டால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். இவ்வளவும் சரிவந்து, பாஸைச் சட்டைக்குள் பத்திரமாக வைத்திருக்கிற நேரம் பார்த்துக் கொழும்பில் வெடிக்கும். உடனே பாதையைப் பூட்டிவிடுவார்கள். எப்போது திறப்பார்கள் என்று எந்தச் சாமிக்கும் தெரியாது.

ஆம்பிளைகள் எங்கள் முற்றத்தில் இருந்து இதைப் பெரிய ஆராய்ச்சியாகக் கதைப்பார்கள். ஆள் செத்தால் புது ஆள் வருவார், புது ஆள் பாதையைத் திறப்பார் என்பது அப்பாவின் கட்சி. ஆள் தப்பினால் பயத்தில் எங்களோடு கதைக்க வருவார் என்பது அடுத்த வளவு மாமாவின் கட்சி. எங்களோடு இருந்த பெரியம்மா, அம்மாவின் தமக்கை, குசினிக்குள் இருந்தபடி ஒருநாள் சொன்னார்: "செத்தாலும் பூட்டுறான், தப்பினாலும் பூட்டுறான். பிறகேன் ரண்டு பேரும் தேத்தண்ணியைக் குடிச்சுக் குடிச்சு மண்டையை உடைக்கிறியள்?" மூன்று பேரில் அரசியல் தெரிந்தவர் பெரியம்மா ஒருவர்தான். அவரும் என்னைப் போல ஐந்தாம் வகுப்பு.

பற்றறி இல்லாத ரேடியோவை நாங்கள் எப்படிப் பாட வைத்தோம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சைக்கிளை முற்றத்தில் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, பின் சில்லில் டைனமோவை அழுத்திவிட்டு, பெடலைக் கையால் சுற்ற வேண்டும். சுற்றுவது என் வேலை. மெல்லச் சுற்றினால் நியூஸ் வாசிக்கிறவர் நித்திரை தூங்குவார். வேகமாகச் சுற்றினால் ரேடியோ எரிந்துவிடும். அதனால் வேகமாகச் சுற்றுவது கொலைக் குற்றம். அந்த ரேடியோ அம்மாவின் சீதனம். தோல் உறையில் சின்னச் சின்ன ஓட்டைகள், முன்பக்கம் மஞ்சள் கண்ணாடி. காதை வைத்தால் தோல் மணமும் சூடும் சேர்ந்து வரும்.

சுற்றுகிற ஆளுக்கு ஒரு அநியாயம் நடக்கும். ஊர் முழுக்கக் கேட்கிற நியூஸ் அவருக்கு மட்டும் கேட்காது. டைனமோவும் சில்லும் காதுக்குப் பக்கத்தில் இரைந்துகொண்டிருக்கும். நீங்கள் எல்லோரும் ஒரு முறையாவது சுற்றியிருப்பீர்கள், உங்களுக்குத் தெரியும்.

ஆனால் உங்களுக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. மத்தியானத்தில் அப்பாவும் மற்றவர்களும் வயலுக்குப் போனபின், நான் பாயைப் போட்டு மல்லாந்து படுத்து, வலது காலைத் தூக்கி, பெருவிரலைப் பெடலில் கொளுவிச் சுற்றுவேன். தலைமாட்டில் ரேடியோ. வயர் எவ்வளவு நீளுமோ அவ்வளவு தூரத்தில் இழுத்து வைத்திருப்பேன். இரைச்சல் காலடியில், பாட்டு காதுக்குள். கொழும்பில் இருக்கிற ராசாக்களும் அப்படிச் சுகமாகப் பாட்டுக் கேட்டிருக்க மாட்டார்கள். ரயர் தேய்கிறது என்று அப்பா பாட்டுக்குத் தடை போட்டிருந்தார். எல்லாத் தடையையும் கொழும்புதான் போட்டது என்று நினைக்காதீர்கள்.

அந்த வருடம் அம்மாவுக்கு நிறைமாதம். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, இங்கே வைத்துப் பார்க்க முடியாது, வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்று மருத்துவிச்சி சொல்லிவிட்டார். முந்தின வருடமும் இப்படித்தான். அப்போதும் பாஸ் எடுத்து வைத்திருந்தோம். பின்னேர நியூஸில் கொழும்புக் குண்டு சொன்னார்கள். முற்றத்தில் இருந்தவர்கள் அப்படியே எழும்பி ஓடினார்கள். பாஸ் வைத்திருந்தவர் எல்லோரும் அன்றிரவே பாதைக்குப் போய் வரிசையில் நின்றுவிட்டார்கள். அம்மாவைக் கொண்டு நாங்கள் கடைசியாகப் போய்ச் சேர்ந்தோம். எங்களுக்கு முன்னால் பத்துப் பதினைந்து பேர் நிற்கும்போது பூட்டிவிட்டார்கள். தம்பி இங்கேதான் பிறந்தான். அழவில்லை. அவ்வளவுதான் அதைப் பற்றிச் சொல்வேன்.

ஆகவே இந்த முறை பாஸ் வந்ததும் அம்மாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அம்மாவுக்கும் துணைக்குப் பெரியம்மாவுக்கும் பாஸ். அப்பா பிணை. ஞாயிற்றுக்கிழமை ஒரு உழவு இயந்திரம் பெட்டியோடு வருவதாகப் பேச்சு. அதில் மாமியும் வருவதாக இருந்தது. வவுனியாவில் படுக்கையில் கிடந்த தாயைப் பார்க்க அவருக்கும் பாஸ் கிடைத்திருந்தது. தாய்க்குக் காட்டுத் தேன் என்றால் உயிர் என்று ஒரு போத்தல் தேனை வாழைச்சருகு சுற்றிக் கட்டி வைத்திருந்தார்.

அன்று வியாழக்கிழமை. மத்தியானம் பாயில் கிடந்து காலால் சுற்றிக்கொண்டிருக்கிறேன். நல்ல பாட்டு ஒன்று. பாதியில் நின்றது. நான்தான் சுற்றுவதை விட்டுவிட்டேனோ என்று காலைப் பார்த்தேன். கால் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. ஒருவர் வந்து அவசரமாக வாசித்தார். கொழும்பில் ஒரு மந்திரியின் வாகனத்துக்குக் குண்டு. மந்திரிக்குக் காயம், உயிருக்கு ஆபத்தில்லை. சாரதி அந்த இடத்திலேயே மரணம்.

அந்தச் சாரதியைப் பற்றி நான் ஒரு நிமிசம்கூட யோசிக்கவில்லை. இப்போது யோசிக்கிறேன். அவர் வீட்டிலும் என் அளவில் ஒரு பெட்டை மத்தியானம் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்திருக்கலாம். அவளுக்கும் பாட்டு அந்த இடத்தில்தான் நின்றிருக்கும். ஆனால் அன்றைக்கு எனக்கு நெஞ்சு அடித்த அடி வேறு. பாதை, பாதை, பாதை என்று அடித்தது.

நியூஸ் கேட்டவர் வேலிக்கு ஓடிப் போய்ச் சொல்ல வேண்டும். எங்கள் ஒழுங்கையில் இருக்கிற அத்தனை வீட்டுக்கும் அதுதான் சட்டம். நானும் பழக்கத்தில் வேலிக்கு ஓடினேன். மாமி முற்றத்தில் நெல் அவித்துக்கொண்டிருந்தார். ஆவி முகத்தை மூடியிருந்தது.

"என்னடி, கள்ளப் பாட்டோ?" என்று கேட்டார்.

வாயைத் திறந்தேன். மாமிக்குச் சொன்னால் ஒழுங்கைக்கே சொன்ன மாதிரி. நெல் வேகுமுன் ஊர் முழுக்கப் பரவிவிடும். பரவினால் எல்லோரும் ஓடுவார்கள். நாங்கள் மறுபடியும் கடைசி.

"ஒண்டுமில்லை மாமி. சும்மா வந்தனான்" என்றேன்.

"ஞாயிற்றுக்கிழமை மிசின் வருமெல்லோ?"

"வரும் மாமி."

சொல்லிவிட்டுக் குசினிக்குள் பாய்ந்தேன். பெரியம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி, மந்திரி செத்தாரா என்பது இல்லை. யாருக்காவது சொன்னாயா என்பது. இல்லை என்றதும் பாதித் தேங்காயை அப்படியே வைத்துவிட்டு எழும்பினார். வயலுக்கு ஓடு, அம்மாவுக்கு வயிற்றுக்குத்துத் தொடங்கிவிட்டது என்று எல்லோருக்கும் கேட்கக் கத்திக்கொண்டு ஓடு என்றார்.

"மாமியும் வரட்டோ?" என்று கேட்டேன்.

பெரியம்மா வாசலில் நின்று என்னைப் பார்த்தார். "சைக்கிளுக்கு முன்னுக்கு ஒரு பார், பின்னுக்கு ஒரு கரியல்தான் இருக்குது."

நான் வயல் வரம்பில் ஓடின ஓட்டத்தை இன்றைக்கு நினைத்தாலும் முழங்கால் நோ மாறிவிடும். பொய்யைக் கத்திக்கொண்டு ஓடுவதில் ஒரு தனிச் சந்தோசம் இருக்கிறது. உங்கள் தாய்மார்தான் அங்கே களை பிடுங்கிக்கொண்டிருந்தவர்கள். பாவம், இரண்டு பேர் கையில் இருந்த களையோடு அழத் தொடங்கிவிட்டார்கள். அப்பா சாரத்தை மடித்துக் கட்டக்கூட நிற்காமல் ஓடிவந்தார். வீட்டுக்கு வந்து உண்மை தெரிந்ததும் ஆறுதலாக நின்று ஆராய்ச்சி தொடங்கினார். மந்திரி தப்பிவிட்டார்தானே, பூட்ட மாட்டார்கள், ஞாயிற்றுக்கிழமை மிசினில் வசதியாகப் போகலாம் என்றார். பெரியம்மா கவிழ்ந்து கிடந்த சைக்கிளை நிமிர்த்தி, கரியலில் தலையணையைக் கட்டத் தொடங்கினார்.

அம்மா கரியலில். பெரியம்மா முன் பாரில். பெரியம்மாவின் பருமன் உங்களுக்குத் தெரியும். அப்பாவுக்கு ரோட்டுத் தெரியவில்லை. பெரியம்மாதான் பள்ளம், மேடு, மாடு என்று சொல்லிக்கொண்டு போனார். படலையால் வெளியே போகும்போது மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். வயிற்றுக்குத்து என்று பெரியம்மா கத்தினார். அதுவரை எல்லாவற்றையும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த அம்மா, பயத்திலோ என்னவோ, உண்மையாகவே முனகினார். மாமி நெற்றியில் கை வைத்துக் கும்பிட்டபடி நின்றார். புளியங்குளம் வரை சைக்கிள். அதற்கப்பால் விறகு லொறி கிடைத்ததாம்.

சைக்கிள் போனதில் இன்னொரு நன்மை இருந்தது. சைக்கிள் இல்லையென்றால் நியூஸும் இல்லை. நான் பெரிய கெட்டிக்காரி மாதிரி ரேடியோவைக் கதிரையில் வைத்துத் துணியால் மூடிவிட்டுக் காவல் இருந்தேன்.

பின்னேரம் நீங்கள் எல்லோரும் வந்தீர்கள். அம்மாவின் சுகத்தை விசாரிக்கவும் நியூஸ் கேட்கவும். சைக்கிள் இல்லை என்றேன். அதற்கென்ன என்று மாமா தன் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். அதிலும் டைனமோ இருந்தது. அம்மா இந்நேரம் பாதைக்குப் போய்ச் சேர்ந்திருப்பார், விடிந்தால்தான் திறப்பார்கள். இப்போது இவர்கள் கேட்டால் இப்போதே புறப்படுவார்கள்.

மாமா தானே சுற்றப் போனார். நான் நிலத்தில் இருந்து ஓவென்று அழத் தொடங்கினேன். அம்மாவும் இல்லை, சைக்கிளும் இல்லை, சுற்றுவதையும் பறிக்கிறீர்களா என்று கேட்டு அழுதேன். எல்லோருக்கும் இரக்கம் வந்துவிட்டது. அவளே சுற்றட்டும் என்று மாமிதான் சொன்னார்.

நியூஸுக்கு முன் வருகிற அந்தச் சங்கீதம் வந்தது. வணக்கம் என்றார் வாசிக்கிறவர். நான் இரண்டு கையாலும் பெடலைப் பிடித்துச் சுற்றினேன். என் உடம்பில் இருந்த முழுப் பலத்தாலும் சுற்றினேன். வாசிக்கிறவரின் குரல் நுளம்பு மாதிரி மெல்லிசாகி மேலே மேலே போனது. மஞ்சள் கண்ணாடி ஒருமுறை பளிச்சிட்டது. பிறகு தோல் உறையின் ஓட்டைகளால் புகை வந்தது. மயிர் கருகிய மணம். மாமா பாய்ந்து சில்லைப் பிடித்தபோது எல்லாம் முடிந்துவிட்டது.

தாய் ஆஸ்பத்திரிக்குப் போன பிள்ளையை யார் அடிப்பது? அந்தத் துணிவில்தான் செய்தேன் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் தலையில் கை வைத்துக்கொண்டு கலைந்து போனார்கள். வேறு இடத்தில் போய்க் கேட்போம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒழுங்கைக்கு அது ஒரு சா வீடு மாதிரி ஆகிவிட்டது.

மாமி என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். குரக்கன் பிட்டும் வாழைப்பழமும் தந்தார். படுக்க முன் கிணற்றடியில் வைத்துக் கால் கழுவிவிட்டார். வலது கால் பெருவிரலில் அவர் கை நின்றது. பெடலுக்கு அப்பா போடுகிற கறுப்புக் கிறீஸ் விரல் இடுக்கெல்லாம் பிசுபிசுத்துக் கிடந்தது. தண்ணீருக்குப் போகவில்லை. வீட்டில் இருந்த கொஞ்ச மண்ணெண்ணெயில் துணியை நனைத்துக்கொண்டு வந்து துடைத்தார்.

"கையால சுத்துறவளுக்குக் காலில ஏனடி கிறீஸ்?" என்று கேட்டார்.

நான் கொட்டாவி விட்டேன். அவர் திரும்பக் கேட்கவில்லை. ஆனால் துடைப்பதை மெல்லச் செய்தார், எதையோ யோசிக்கிற ஆள் மாதிரி.

வெள்ளிக்கிழமை காலை முல்லைத்தீவுப் பக்கமிருந்து வந்த ஒரு மிசின்காரர் சந்தையில் விசயத்தைச் சொன்னார். மாமி தேன் போத்தலையும் பையையும் தூக்கிக்கொண்டு சந்திக்கு ஓடினார். அரைவழியில் அப்பா எதிரே வந்தார். பூட்டிவிட்டார்கள். அம்மாவும் பெரியம்மாவும் போய்விட்டார்கள்.

அப்பா சொன்னதைக் கேளுங்கள். விடியும்போது அங்கே பெரிய வரிசையாம். மல்லாவி, மாங்குளம், கிளிநொச்சி என்று எல்லா இடத்துச் சனமும் வந்துவிட்டதாம். நெடுங்கேணி ஆட்களைத் தவிர. நெடுங்கேணியில் மட்டுமா உலகத்தில் ரேடியோ இருந்தது? அது என் பத்து வயது மூளைக்குத் தெரியவில்லை. பெரியம்மா வரிசையில் சத்தம் போட்டு, அம்மாவை முனக வைத்து, இடித்து முன்னேறினாராம். அம்மாவுக்குப் பின்னால் நாலைந்து பேர்தான் போனார்களாம். பிறகு கம்பியை இழுத்துவிட்டார்கள். எங்கள் ஒழுங்கையில் பாஸ் வைத்திருந்தவர்கள் எத்தனை பேர் என்று நான் இன்றுவரை எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணினால் விடை தெரிந்துவிடும்.

அந்த முறை எங்களுக்கு இல்லாமல் போனது மண்ணெண்ணெய். மாமி என் காலில் துடைத்தது அவர் வீட்டுக் கடைசிச் சொட்டு.

பாதை மூன்று மாதம் பூட்டிக் கிடந்தது. ரேடியோ இல்லாத வீட்டில் அம்மா இருக்கிறாரா இல்லையா என்றுகூடத் தெரியாமல் இருந்தோம். இடையில் ஒருநாள் யார் கையிலோ ஒரு கடிதம் வந்தது. பெட்டைப் பிள்ளை, வெட்டி எடுத்தது, இருவரும் சுகம். அப்பா அதை வாசித்துவிட்டு எரிந்த ரேடியோவைத் துடைத்தார். வேறென்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

அதற்குள் மாமிக்கும் ஒரு கடிதம் வந்திருந்தது. தாய் போய்விட்டார். கடிதம் வரும்போது முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்துவிட்டதாம். மாமி குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றேன். தேன் போத்தல் அலுமாரிக்கு மேல் வாழைச்சருகோடு இருந்ததை யன்னலால் கண்டேன்.

பாதை திறந்த கிழமை அம்மா தங்கச்சியோடு வந்து இறங்கினார். உங்கள் எல்லோர் வீட்டிலும் இருந்து ஆட்கள் வந்தார்கள். முற்றம் நிறைந்துவிட்டது. பிள்ளை கை கை மாறியது. கடைசியாக மாமி வந்தார். கையில் அந்தப் போத்தல். சருகைப் பிரித்து, விரல் நுனியில் ஒரு துளி எடுத்துத் தங்கச்சியின் நாக்கில் வைத்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டு சப்பினாள். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சந்தோசத்தில்தான் அம்மாவுக்கு வாய் தவறியது. அவருக்கு இங்கே நடந்த ஒன்றும் தெரியாது.

"எல்லாம் இவளாலதான்" என்று என்னைக் காட்டினார். "அண்டைக்கு மத்தியானம் இவள் நியூஸைக் கேட்டு ஓடிவந்து சொல்லாட்டி, இந்தப் பிள்ளையும் இல்லை, நானும் இல்லை."

பெரியம்மா வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டார். உங்கள் தாய்மார் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கேட்டனியோ என்று ஒருவர் மெல்லக் கேட்டார். என் வாயில் பொய்யே ஊறவில்லை. வாழ்க்கையில் அப்படி நடந்தது அந்த ஒரு நாள்தான். பெருவிரலை மட்டும் மணலுக்குள் புதைத்துக்கொண்டேன்.

மாமி பார்த்தார். என் முகத்தை இல்லை, காலை. தங்கச்சி அவர் மடியில் இன்னும் அந்த விரலைச் சப்பிக்கொண்டிருந்தாள். மாமி அவளை ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டு, முற்றத்தில் இருந்தவர்களுக்குச் சொன்னார்:

"சுத்துறவளுக்கு நியூஸ் எங்க கேக்கிறது? இரைச்சல்தான் கேக்கும், நீங்களும் சுத்தினனியள்தானே. பிள்ளைத்தாச்சிக்கு வயித்துக்குத்து வந்தது, கொண்டு ஓடினவை. நான் வேலியால பாத்துக்கொண்டு நிண்டனான்."